ரவுண்ட் அடித்தால் விங்கர் ஆகிவிட முடியுமா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓரத்தில் பறக்கும் பையன்களுக்கு எந்தப் பயிற்சி வேண்டும்? அது கிடைக்காமல் போனால் என்ன ஆகிறது?

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பைப் போட்டி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுகின்றன. நான்கரை ஆண்டுகளாக இந்த இரு அணிகளும் மோதும் டெர்பி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கவே இல்லை. 60-வது நிமிடம். வலது ஓரத்தில் ஒரு தமிழ்ப் பையனின் காலுக்குப் பந்து வருகிறது. தடுக்க வந்தவர் அவரோடு சேர்ந்து ஓடுகிறார். சட்டென்று அந்தக் கால் நிற்கிறது. பந்து உள்பக்கம் திரும்புகிறது. தடுக்க வந்தவர் நிலைதடுமாறுவதற்குள் இடது காலால் ஓர் உதை. பந்து வலைக்குள். ஆட்டம் அந்த ஒரே கோலில் முடிந்தது.

அடித்தவர் சென்னையைச் சேர்ந்த விங்கர் நந்தகுமார் சேகர். அடுத்த ஆறு மாதத்துக்குள் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்திலும் கோல் போட்டு, ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கக் காரணமானவர்களில் ஒருவரானார். அவருடைய வேகத்தை எல்லோரும் பேசினார்கள். அந்த டெர்பி கோலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிக் களைத்த உடம்பு, முழு வேகத்தில் போகும்போதே ஒற்றைக் காலில் மொத்த எடையையும் வாங்கி, நின்று, திரும்பி, மறுபடி கிளம்புகிறது. அந்த பிரேக் பிடிக்கும் திறமைதான் அவருக்கு இடத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. பந்தை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தால் அது வந்துவிடாது. தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே பத்து ரவுண்ட்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் மில் சங்கு ஒலிக்கும் ஊர்கள். காலை ஆறு மணிக்கு இந்தப் பக்கத்துப் பள்ளி கிரவுண்டில் போய் நின்றால், தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். விசில் ஊதியதும் கோலி, பேக், விங்கர் என்று அத்தனை பேரும் மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்ட். அப்புறம் கொஞ்சம் தண்டால், கொஞ்சம் பஸ்கி. உடனே இரண்டு டீமாகப் பிரிந்து ஆட்டம். மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டவனுக்கு 'ஸ்டாமினா இல்லாதவன்' என்று பெயர்.

இதில் மாஸ்டர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே பி.இ.டி. மாஸ்டர். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளாத பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் சின்ன வயதில் என்ன பயிற்சி எடுத்தார்களோ, அதையே பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் கால்பந்து உடற்பயிற்சி பற்றிய அறிவு கடந்த இருபது ஆண்டுகளில் வெகுதூரம் போய்விட்டது. அது இன்னும் இந்தக் கிரவுண்டுகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் நம் கவலை.

விங்கரின் ஆட்டத்தை எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். முழு வேக ஓட்டம் சில நூறு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு நொடி. ஆட்டத்தின் தலையெழுத்தை மாற்றுவது அந்த நொடிகள்தான். ஜெர்மனியின் புண்டஸ்லிகா லீக்கில் விழுந்த 360 கோல்களை அலசி 2012-ல் வெளியான ஆய்வில், 45 சதவீத கோல்களுக்கு முன்னால் கோல் அடித்தவர் செய்த காரியம் நேர்கோட்டில் ஒரு முழு வேக ஓட்டம்.

ஒரே சீரான வேகத்தில் பத்து ரவுண்ட் அடிப்பவனுக்கு ஒரே சீரான வேகத்தில் ஓடத்தான் வரும். விங்கருக்கு வேண்டியது வேறு. மூன்று நொடியில் பாய வேண்டும், ஒரே எட்டில் நிற்க வேண்டும், இருபது நொடி மூச்சு வாங்கிவிட்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். அப்படியே எண்பதாவது நிமிடம் வரை.

[பெட்டி]
எண்கள் சொல்வது

* டென்மார்க்கில் 942 ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 10 வாரம் 'நார்டிக்' என்ற பின்தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி எடுத்தவர்களில் 15 பின்தொடைக் காயங்கள். எடுக்காதவர்களில் 52. (2011)
* ஃபிஃபா உதவியோடு உருவான '11 பிளஸ்' வார்ம்-அப் முறையில் 15 பயிற்சிகள், 20 நிமிடம். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண்களிடம் சோதித்தபோது, கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. (2008)
* ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் ஏற்படும் காயங்களில் பின்தொடைக் காயத்தின் பங்கு 2001-02 சீசனில் 12 சதவீதம். 2021-22 சீசனில் 24 சதவீதம். ஆட்டத்தின் வேகம் கூடக் கூட, பின்தொடைக்கு வேலை கூடியிருக்கிறது.

இரண்டு பையன், ஒரு சாக்கு

அந்த நார்டிக் பயிற்சிக்கு என்ன மெஷின் வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஒரு சாக்கை நாலாக மடித்துத் தரையில் போடுங்கள். ஒரு பையன் அதன்மேல் முட்டி போடுகிறான். இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து, அவன் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கிறான். முன்னால் இருப்பவன் முட்டியிலிருந்து தலைவரை உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, இடுப்பை மடக்காமல், மெல்ல மெல்ல முன்னால் சாய்கிறான். சாயச் சாயப் பின்தொடை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க முடியாமல் இரண்டு கையையும் ஊன்றி விழுகிறான். கையால் தள்ளி எழுந்து, மறுபடி.

முதல் நாள் பாதி தூரம் சாய்வதற்குள் பையன்கள் சொத்தென்று விழுவார்கள். மூன்று தடவை செய்தால் போதும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது பின்தொடை வலிக்கும். இந்த வலிக்குப் பயந்துதான் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விடாமல் வாரம் இரண்டு நாள், எண்ணிக்கையைச் சிறுகச் சிறுக ஏற்றினால் மூன்றாவது வாரத்திலிருந்து வலி அடங்கிவிடும். விங்கர் முழு வேகத்தில் காலை முன்னே வீசும்போது, அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துவது பின்தொடைச் சதைதான். நீளும்போதே இறுக்கிப் பிடிக்கும் வேலை அது. கிழிவதும் அந்த நேரத்தில்தான். நார்டிக் அதே வேலைக்குச் சதையைப் பழக்குகிறது.

"வெயிட் தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். சரியான மேற்பார்வையில், வயதுக்கேற்ற எடையோடு செய்தால் வலிமைப் பயிற்சி வளரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முதல் உலக விளையாட்டு அறிவியல் நிபுணர்கள் வரை ஒத்துக்கொண்ட விஷயம் இது. 15 வயது விங்கருக்கு இரும்பு தேவையில்லை. ஒற்றைக் கால் பஸ்கி, முன்னால் எட்டு வைத்து இறங்கும் லஞ்சஸ், கெண்டைக்கால் ஏற்றம், பிளாங்க். நம் தாத்தாமார் ஆற்றங்கரையில் எடுத்த தண்டாலும் பஸ்கியும் நல்ல அடித்தளம்தான். இரண்டு காலில் செய்ததை ஒற்றைக் காலுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவே. விங்கர் உதைப்பதும் திரும்புவதும் எப்போதும் ஒற்றைக் காலில்தானே?

கண்மாய்க் கரை இருக்கிறது

நகரத்து அகாடமிகளில் இல்லாத ஒன்று இந்த இரண்டு ஊரிலும் உண்டு. சுற்றிலும் கண்மாய்கள், அவற்றுக்கு மேடான கரைகள். ராஜபாளையத்தில் கூடுதலாகச் சஞ்சீவி மலைச் சரிவு. மிதமான மேட்டில் 15, 20 மீட்டர் பாய்ந்து ஏறுவது வேகத்தைக் கூட்டும் அருமையான பயிற்சி. மேட்டில் எட்டு சின்னதாகும், பின்தொடை முழு நீளத்துக்கு இழுபடாது. அதே சமயம் தரையைத் தள்ளும் வலிமை கூடும். ஆறு தடவை ஏறுவது போதும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பிறகு நிதானமாக நடந்து இறங்கி, மூச்சு முழுசாக அடங்கிய பின்தான் அடுத்தது. இதில்தான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். மூச்சு வாங்க விடாமல் விரட்டினால் அது வேகப் பயிற்சி இல்லை, களைப்புப் பயிற்சி. களைத்த உடம்பு மெதுவாக ஓடத்தான் பழகும்.

பிரேக் பிடிக்கப் பழகுவது தனிப் பாடம். பத்து மீட்டர் பாய்ந்து, குறித்த கோட்டில் நிற்க வேண்டும். இடுப்பு தாழ வேண்டும், முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது, பாதம் உடம்புக்கு முன்னால் பதிய வேண்டும். நின்ற பிறகு உடம்பு ஆடாமல் இரண்டு நொடி. முதலில் நேராக, அப்புறம் 45 டிகிரி திரும்பி, அப்புறம் பந்தோடு, கடைசியில் எதிரே ஒருவனை நிறுத்தி. நம் கிரவுண்ட் பெரும்பாலும் கட்டாந்தரை. மேலே பொடிக்கல் வேறு. தேய்ந்த ஷூவோடு அதில் சட்டென்று நிற்பவனின் கணுக்கால் முதல் பலி. அதனால் ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியை இங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேர்வு முடிந்ததும் கிழியும் தொடை

பத்தாம் வகுப்பு. பொங்கல் முடிந்ததும் கிரவுண்ட் பக்கம் போகத் தடை. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் டியூஷன். மூன்று மாதம் உட்கார்ந்தே இருக்கிறான். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் ஷூவைத் தேடி எடுக்கிறான். கோடை விடுமுறைப் போட்டிகள் அடுத்தடுத்து வருகின்றன. செவன்ஸ் ஆட்டம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஜெயித்தால் மறுநாள் இரண்டு. வெயில் நாற்பது டிகிரியைத் தொடுகிறது. நன்றாக ஆடுகிறவன் என்பதால் பக்கத்து ஊர் டீமும் கூப்பிடுகிறது. மூன்றாவது நாள் ஓரத்தில் பந்தைத் துரத்தும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான்.

பல காயங்களுக்குக் காரணம் இந்தத் திடீர் ஏற்றம். உடம்பு ஓய்விலிருந்து உச்சத்துக்கு ஒரே வாரத்தில் தாவ முடியாது. தேர்வுக் காலத்திலும் வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் ஒதுக்கினால் பெருமளவு வலிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். மார்க் குறையாது. வீட்டு மொட்டை மாடியே போதும்.

அடுத்த தப்பு, காயம்பட்டதும் சுளுக்கு வழிக்கக் கூட்டிப்போவது. நம் பக்கத்தில் கைராசிக்காரர்கள் உண்டு, அவர்கள்மேல் மரியாதையும் உண்டு. ஆனால் சதை கிழிந்து உள்ளே ரத்தம் கசியும் முதல் மூன்று நாட்களில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும், ஆறும் காலம் நீளும். ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது. இவ்வளவுதான் முதலுதவி. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஒரு கட்டுத் துணியும் ஒரு ஐஸ் பெட்டியும் ஒவ்வொரு மைதானத்து மூலையிலும் இருக்க வேண்டாமா?

சரியாக ஆறாமல் ஆடப் போனால் அதே இடம் மறுபடி கிழியும். இங்கிலாந்தின் மைக்கேல் ஓவனுக்கு 1999 ஏப்ரலில் பின்தொடை கிழிந்தபோது வயது 19. அதற்குப் பிறகு ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதைக்கூட வாங்கினார். ஆனால் பழைய வேகம் திரும்பவே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். மான்செஸ்டர் யுனைடெட் விங்கர் ரயன் கிக்ஸும் பின்தொடையால் அவதிப்பட்டவர்தான். யோகாவையும் ஒழுங்கான பராமரிப்பையும் பிடித்துக்கொண்டு, 2014-ல் நாற்பது வயது வரை ஆடினார்.

எல்லாக் காயத்தையும் பயிற்சி தடுத்துவிடாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்த லெஃப்ட் விங்கர் மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பர் 20-ல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு வெளியேறினார். ஏ.சி.எல். என்ற முட்டித் தசைநாரில் காயம். அந்த சீசனே போனது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்பில் இருப்பவருக்கு டாக்டர், பிசியோ, சம்பளம் எல்லாம் உண்டு. அதே காயம் மில் தொழிலாளியின் மகனுக்கு வந்தால்? ஆபரேஷன், அதன்பிறகு குறைந்தது ஒன்பது மாதம் படிப்படியான பயிற்சி. பெரும்பாலான வீடுகளில் "போதும்டா, பந்து வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு, ரயில்வே, போலீஸ் டீம்கள், கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டு இடம் என்று திறந்திருந்த கதவுகளும் அவனுக்கு அதோடு சாத்திக்கொள்ளும். இருபது நிமிடப் பயிற்சியை நாம் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

வளரும் உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

பையன்கள் சுமார் 13, 14 வயதில் திடீரென்று நெடுநெடுவென வளர்வார்கள். ஒரே வருடத்தில் எட்டு, பத்து சென்டிமீட்டர்கூட. நேற்றுவரை பந்தோடு கொஞ்சியவன் இன்று தன் காலே தடுக்கி விழுவான். எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்குகிறது. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். "சோம்பேறி" என்று திட்டி அந்த நேரத்தில் பாய்ச்சலையும் குதிப்பையும் கூட்டினால் வலி வருடக்கணக்கில் நீளும். தாய், தகப்பன் செய்யக்கூடியது எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். கோடுகளுக்கு நடுவே இடைவெளி சட்டென்று பெரிதானால் மாஸ்டரிடம் சொல்லுங்கள். அந்தச் சில மாதங்கள் பந்துக் கட்டுப்பாடும் சமநிலையும் போதும்.

இதே காரணத்தால் தேர்வாளர்களும் ஏமாறுகிறார்கள். 14 வயது டீமுக்கு ஆள் எடுக்கும்போது, முன்கூட்டியே வளர்ந்த பையன் எல்லோரையும் முந்துகிறான். அவனை எடுக்கிறார்கள். குட்டையாக, சாமர்த்தியமாக ஆடியவன் வீட்டுக்குப் போகிறான். இங்கிலாந்து அகாடமிகளில் வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்துக் குழு பிரித்து ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். நம் மாவட்டத் தேர்விலும் அதைச் செய்து பார்க்கலாம்.

[பெட்டி]
15 வயது விங்கரின் ஒரு வாரம்

திங்கள்: 20 நிமிட '11 பிளஸ்' வார்ம்-அப், கரையில் ஆறு பாய்ச்சல், அப்புறம் பந்து.
செவ்வாய்: ஒற்றைக் கால் பஸ்கி, லஞ்சஸ், பிளாங்க், நார்டிக். மொத்தம் அரை மணி நேரம்.
புதன்: பந்தோடு மட்டும். கிராஸ், இடது கால், வலது கால்.
வியாழன்: வார்ம்-அப், பிரேக் பயிற்சி, நாலுக்கு நாலு சிறு ஆட்டம். ஓடி மூச்சு வாங்கும் திறனுக்கு இந்தச் சிறு ஆட்டமே போதும், தனியாக ரவுண்ட் வேண்டாம்.
வெள்ளி: லேசான வலிமைப் பயிற்சி.
சனி: ஆட்டம்.
ஞாயிறு: ஓய்வு. பக்கத்து ஊர் டீம் கூப்பிட்டாலும் ஓய்வுதான்.

பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் முட்டை

பயிற்சி சதையைச் சோர்வாக்கும். அதைக் கட்டி எழுப்புவது சாப்பாடும் தூக்கமும். 50 கிலோ எடையுள்ள பையன் இவ்வளவு பயிற்சி எடுத்தால் நாளுக்கு 75 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். சத்துணவுத் திட்டத்தில் வாரம் ஐந்து முட்டை உண்டு, ஆனால் பத்தாம் வகுப்பு வரைதான். பையன் உண்மையிலேயே உடம்பைக் கட்ட ஆரம்பிக்கும் பதினோராம் வகுப்பில் அந்த முட்டை நின்றுவிடுகிறது. விளையாட்டுப் பிள்ளைகளுக்காவது அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. வேர்க்கடலை, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், கம்பங்கூழ், வாழைப்பழம் என்று வீட்டிலும் வழி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஆட்டம் ஜெயித்த அன்றைக்கு இருக்கட்டும். ஜிம்மில் யாரோ கொடுக்கும் பெயர் தெரியாத பவுடரைத் தொடவே கூடாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

தூக்கம் இன்னும் மோசம். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். டியூஷன் முடிந்து ஒன்பது மணி, செல்போனை வைக்கப் பதினொன்று, காலை ஐந்தரைக்கு கிரவுண்ட். இந்தக் கணக்கில் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது.

பெண் பிள்ளைகளுக்கு இரட்டிப்பாக வேண்டும்

இதே விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி பக்கம் இருக்கிறது சேது பொறியியல் கல்லூரி. அதோடு இணைந்து வளர்ந்த மதுரை சேது எஃப்.சி. அணி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றது. வழி காட்டும் கிளப் கையெட்டும் தூரத்தில் இருக்க, ராஜபாளையத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி இன்னும் கைக்கெட்டவில்லை. ஏ.சி.எல். காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குவது ஒரு முக்கியக் காரணம். அதைப் பயிற்சியால் திருத்த முடியும். நார்வே ஆய்வு பெண்களிடம் நடந்தது என்பதை மேலே பெட்டியில் பார்த்தோம். ரத்தசோகை இன்னொரு பிரச்சினை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருக்கிறது. பாதி ஆட்டத்தில் மூச்சுத் திணறும் பெண்ணை ரவுண்ட் அடிக்க விரட்டுவதற்கு முன்னால், அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

மே மாதமே ஆரம்பிக்க வேண்டும்

சின்ன ஊரிலிருந்து வர முடியாதா என்ற கேள்விக்கு காரைக்குடி பக்கத்துக் கண்டனூர் பதில் சொல்லிவிட்டது. அந்த ஊர்ப் பையன் சிவசக்தி நாராயணன், 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூரு எஃப்.சி.க்காகக் கோல் போட்டார். அடுத்து ஐ.எஸ்.எல்.லின் வளரும் வீரர் விருதையும் வாங்கினார். அவருக்கு வாய்த்தது, சின்ன வயதிலேயே முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் அகாடமியில் முறையான பயிற்சி. ராஜபாளையத்துக்கு அப்படி ஓர் அகாடமி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட விளையாட்டு அலுவலகம் பி.இ.டி. மாஸ்டர்களைக் கூப்பிட்டு, ஒரு பிசியோவை வைத்து, '11 பிளஸ்' முறையை ஒரு நாள் செய்து காட்டினால் போதும். அந்தப் பயிற்சிக்கு ஒரு பந்தும் சில கோன்களும்தான் செலவு.

காலண்டரைப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிகள் வந்துவிடும், அதன்பிறகு வருவாய் மாவட்டம். டென்மார்க் ஆட்டக்காரர்களுக்குப் பத்து வாரம் தேவைப்பட்டது. ஜூனில் ஆரம்பித்தால் நமக்குக் கிடைப்பது ஆறு, ஏழு வாரம்தான். பொதுத்தேர்வு முடிந்த கையோடு, மே முதல் வாரத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னால் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் கணக்கு சரியாக வரும். கோடைக் கோப்பைகளில் ஒன்றிரண்டை விட வேண்டியிருக்கும். விட்டுவிடலாம்.